கட்டிலுக்குக் கீழே பார்க்கத் தடை

கத்திரி படிகளில் தாவித் தாவி ஏறிக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் ஒரு ஹார்டு டிஸ்க், பேன்ட் பையில் இன்னொன்று, பற்களுக்கு நடுவே செல்போன். ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கை படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்திருந்தது. இரண்டில் எதை விட்டாலும் மேல் மாடி போய்ச் சேர மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும்.

லிஃப்ட் இருந்தது. பழுதெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் அதன் முன்னால் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். 'ஏழு மணிப் பேய்' தொடரில் லிஃப்டுக்குள் ஏதோ முனகும் கதை ஒளிபரப்பான நாளிலிருந்து அந்த டிவி நிலையத்தில் யாரும் லிஃப்டில் ஏறுவதில்லை. கதையைப் பார்த்த பிள்ளைகள் மறுநாளே அதை மறந்துவிட்டு, பார்த்த லிஃப்டில் எல்லாம் ஏறி எல்லாப் பொத்தானையும் அழுத்தி விளையாடினார்கள். அந்தக் கதைக்கு அனுமதி கொடுத்த அதிகாரிகள்தான் இன்னமும் மூச்சு வாங்கப் படியேறினார்கள்.

பற்களுக்கு நடுவே போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து. கத்திரி நிற்காமலே எடுத்தான்.

"என்னங்க, ஏழு மணிக்கு வந்துடும்ல?" என்றாள் மனைவி. "இவ இப்பவே டிவி முன்னாடி உட்கார்ந்துட்டா. தரையில காலை வைக்க மாட்டேங்கறா. சோபால காலை மடிச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

"வந்துடும். நீ போனை வை."

அவன் சொன்னதை அவனே நம்பவில்லை.

கத்திரி அந்தத் தொடரின் எடிட்டர். வாரம் ஒரு கதை, வாரம் ஒரு பேய். வெட்டி ஒட்டுவது அவன் வேலை என்பதால் அந்தப் பெயர். அவனுக்கு வீட்டில் ஒரு மகள். எட்டு வயது. 'பொடிசு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பேய்த் தொடர் எடிட்டரின் மகள் எதற்கும் பயப்படாதவளாக இருந்தாள், சில மாதங்களுக்கு முன்பு வரை. திடீரென்று ஒரு நாள் தன் கட்டிலுக்குக் கீழே யாரோ இருப்பதாகச் சொன்னாள். அன்றிலிருந்து அறை வாசலில் நின்று கட்டிலுக்கு ஒரே தாவாகத் தாவினாள். பிறகு தாவுவதும் நின்று, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே வந்து படுத்தாள். படுத்தாளே தவிரத் தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு அடுத்த அறையில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் மேஜை மீது தலை சாய்த்துத் தூங்குவதாக டீச்சர் சொல்லி அனுப்பினார்.

குனிந்து பார் என்றால் மாட்டாள். நாங்கள் பார்த்துச் சொல்கிறோம் என்றால், "நீங்க பார்த்தா ஒளிஞ்சுக்குவார்" என்றாள். கடைசியில் கத்திரி, கீழே யார் என்று அவளிடமே கேட்டான். அவள் காதில் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே டைரக்டரிடம் சொன்னான். அது கதையாகிப் படமாகி இன்றைக்கு ஏழு மணிக்கு வர வேண்டும். பொடிசும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தாள்.

"டிவில வர்ற பொண்ணு குனிஞ்சு பார்த்தா, நானும் பார்ப்பேன்."

ஒரு குழந்தை குனிந்து பார்ப்பதற்குக் குறுக்கே இப்போது நின்றது ஒரே ஒரு குழு.

அதன் முழுப் பெயர் 'இளம் பார்வையாளர் அச்ச ஒழுங்குமுறைக் குழு'. கட்டடம் முழுக்க அதைப் பயக் கமிட்டி என்பார்கள். மேல் மாடித் தாழ்வாரத்தில் இடது பக்கம் ஓர் அறை, வலது பக்கம் ஓர் அறை. இடது அறையில் படம் மட்டும் ஓடும், சத்தம் வராது. வலது அறையில் சத்தம் மட்டும் வரும், திரையே கிடையாது. படமும் சத்தமும் ஒன்று சேர்ந்தால்தான் பயம் உண்டாகிறது என்றும், குழு உறுப்பினர்களின் உடல்நலம் கருதி இரண்டையும் பிரித்தே பரிசீலிக்க வேண்டும் என்றும் தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தது. ஆக, இத்தனை காலத்தில் அந்தத் தொடரின் ஒரு கதையைக்கூட அந்த மாடியில் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. இடது அறைக்காரர்கள் சத்தத்தைக் கற்பனை செய்து பயந்தார்கள். வலது அறைக்காரர்கள் படத்தைக் கற்பனை செய்து பயந்தார்கள். ஊரிலேயே அதிகம் பயந்தவர்கள் அந்த மாடியில்தான் இருந்தார்கள்.

இரண்டு அறைக்கும் சேர்த்துப் படத்தை ஓட்டும் கருவி தாழ்வாரத்தில் ஒரு மேஜை மேல் இருந்தது. மேஜைக்குப் பக்கத்தில், நர்சரிப் பள்ளியில் போடுகிற மாதிரி ஒரு குட்டி நாற்காலி. அதில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார் குழந்தைப் பிரதிநிதி. அடர்த்தியான மீசை. கையில் பால் டம்ளர்.

எட்டு வயதில் அவரைக் குழுவில் நியமித்தார்கள். எத்தனை வருடத்துக்கு என்று சொல்ல மறந்துவிட்டார்கள். அவரும் போகவில்லை. ஒப்புதல் கொடுக்காத நிகழ்ச்சியைக் குழந்தைகள் பார்க்கக் கூடாது என்பதால் அவரை இரண்டு அறைக்குள்ளும் விடுவதில்லை. அவர் ஒப்புதல் கொடுக்காமல் எந்த நிகழ்ச்சியும் வெளியே போகவும் முடியாது. கத்திரியைவிட மூத்தவர். ஆனாலும் பெரியவர்களை மாமா என்றே கூப்பிட வேண்டும் என்பது விதி. குழுவினர் அவரைப் பாப்பா என்பார்கள்.

"வாங்க மாமா" என்றார். "ரெண்டு ரூம்லயும் காலையிலேர்ந்து கோபமா இருக்காங்க."

டைரக்டரைக் காணவில்லை. ஆட்சேபணை வருகிற நாளில் டைரக்டர்களின் போன் அணைந்துவிடுவது அங்கே வழக்கம். கத்திரி பேன்ட் பையிலிருந்த டிஸ்க்கை, அதாவது காலையில் குழு சொன்ன ஆட்சேபணைகளை எல்லாம் வெட்டிய பிரதியை, கருவியில் செருகி ஓட விட்டான். அசல் சட்டைப் பையில் இருந்தது. அது ஓடி முடிந்த பிறகு இடது அறைக்குள் நுழைந்தான்.

தலைவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மற்ற உறுப்பினர்களும் அப்படியே. யாராவது ஒருவர் கை தூக்கினால் விளக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் பின் சுவரைப் பார்க்கத் திரும்பிவிட வேண்டும். ஆபத்து தாண்டியதும் மறுபடி திரும்பலாம். இந்தக் கதையைப் பொறுத்தவரை தலைவர் டைட்டில் வந்தபோதே கை தூக்கிவிட்டிருந்தார்; அதன் பிறகு எல்லோரும் தோளுக்கு மேலே ஓரக்கண்ணால் பார்த்ததுதான்.

"காலையில என்ன சொன்னோம்?" என்றார் தலைவர்.

"பொண்ணு தரையில கால் வெச்சா கீழ இருந்து யாராவது காலைப் பிடிச்சுடுவாங்கன்னு குழந்தைங்க நினைப்பாங்க, அதனால கால் தரையில படக் கூடாதுன்னு சொன்னீங்க சார். எடுத்துட்டேன்."

"எடுத்தீங்க. இப்ப என்ன ஆச்சு? கதை முழுக்கப் பொண்ணுக்குக் கால் தரையில படவே இல்லை. கால் தரையில படாம இருக்கிறது யாரு?"

கத்திரி விழித்தான். "பேய் சார்."

"நீங்களே சொல்லிட்டீங்க. ஒரு நல்ல குடும்பத்துப் பொண்ணைப் பேயாக்கிட்டீங்க."

உறுப்பினர்கள் பின் சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினார்கள்.

"சரி சார், காலைத் தரையில வெச்சுடறேன். ஆனா கடைசியில அவ குனிஞ்சு பார்க்கிறதை மட்டும் விட்டுடுங்க. கதையே அதுதான்."

"அதைத்தான் முதல்ல எடுக்கணும்" என்றார் தலைவர். "தம்பி, எங்க குழுவோட அடிப்படைக் கொள்கையைச் சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. கீழ பார்க்காத வரைக்கும் கீழ எதுவும் இல்லை. பார்த்தாத்தான் பிரச்சினை. இத்தனை வருஷமா நாங்க எதையும் பார்க்கலை. அதனாலதான் குழந்தைங்க பாதுகாப்பா இருக்காங்க."

"சார், கீழ பயப்படற மாதிரி எதுவும் இல்லை. கட்டிலுக்குக் கீழ இருக்கிறது ஒரு—"

"சொல்லாதீங்க." தலைவரின் கை மேலே போய்விட்டது. "சொன்னா நாங்க பார்த்த மாதிரி ஆயிடும். பார்த்துட்டா பொறுப்பு எங்களுது."

வெளியே வந்து வலது அறைக்குள் போனான். அங்கே கனத்த திரைச்சீலை, சுற்றிலும் ஒலிபெருக்கிகள், நடுவே கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒலிப் பிரிவுத் தலைவி. அவரை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழுதுட்டார்" என்றார் மேடம். "நாற்காலி இழுபடுற சத்தம். அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல். 'பயந்தியா'ன்னு கேட்குது. அப்புறம் 'டப்'புனு ஒரு அடி. அந்தப் பிஞ்சை எதால அடிச்சீங்க?"

"யாரும் அடிக்கலை மேடம். அந்த 'டப்' வந்து—"

"சொல்லாதீங்க. எங்களுக்குக் கேட்கறதோட சரி. அடியை எடுங்க. குரலை எடுங்க. அந்த மூச்சு யாரோடது?"

"பொண்ணோடது."

"அதையும் எடுங்க."

"மேடம், குழந்தை மூச்சு விட வேண்டாமா?"

"தாராளமா விடட்டும். கேட்கக் கூடாது. குழந்தையோட மூச்சுல நாங்க தலையிட மாட்டோம்."

"எல்லாத்தையும் எடுத்துட்டா வெறும் மௌனம்தான் மிஞ்சும்."

"மௌனத்துக்கு அனுமதி இல்லை. 'சிறுமி நலமாக இருக்கிறாள்'னு ஒரு அறிவிப்பு போடுங்க. கனிவான குரல்ல."

கத்திரி படியிறங்கி எடிட்டிங் அறைக்கு ஓடினான். வெட்டினான். ஒட்டினான். திரும்ப மேலே ஓடினான். மூச்சை எடுத்ததும் இடது அறைக்காரர்கள், வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, குழந்தை ஏதோ மந்திரம் சொல்வதாகச் சொன்னார்கள். வாய் அசைவை எடுத்ததும் வலது அறைக்காரர்கள், அறிவிப்புக் குரலின் கனிவு சந்தேகத்துக்கு இடமாக இருப்பதாகச் சொன்னார்கள். மறுபடி இறங்கினான், மறுபடி ஏறினான். கடைசியில் அந்தக் கதையில் மிஞ்சியது இதுதான்: ஒரு பெண் குழந்தை, அசையாமல், மூச்சு விடாமல், கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே பார்க்கவே இல்லை. "சிறுமி நலமாக இருக்கிறாள்" என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

வாழ்நாளில் வெட்டிய அத்தனை பேய்களிலும் கத்திரியைக் குலைநடுங்க வைத்தது அது ஒன்றுதான்.

"அருமை" என்றார் தலைவர், பின் சுவரைப் பார்த்தபடி. "இப்பதான் குழந்தைகளுக்கு ஏற்றதா இருக்கு. பாப்பாகிட்ட ஒப்புதல் வாங்கிட்டு அனுப்பிடுங்க. தாமதமானா, இருக்கவே இருக்கு, 'செடி வளர்ப்போம்'. அதைப் போட்டுடுவாங்க."

தாழ்வாரத்துக்கு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. போன் அதிர்ந்தது. இந்தத் தடவை பொடிசு.

"அப்பா, அவ குனிஞ்சு பார்ப்பாள்ல?"

கத்திரி போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினான்.

"அப்பா, நான் கேட்கறது கேட்குதா? அவ பார்க்கலேன்னா நானும் பார்க்க மாட்டேன். அவர் அங்கயே இருப்பார். எப்பவும்."

எப்பவும் என்று அவள் சொன்ன விதத்தில் அழுகை இல்லை. சலிப்புத்தான் இருந்தது, வருடக்கணக்காகக் குடியிருப்பவரைப் பற்றிப் பேசுகிற வீட்டுக்காரரைப் போல. அதுதான் அவனை என்னவோ செய்தது.

"பார்ப்பா" என்றான்.

"சத்தியமா?"

"சத்தியமா."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. குழந்தைப் பிரதிநிதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றார் ரகசியமாக. "லிஃப்டுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"எந்த லிஃப்ட்?"

"அந்தக் கதையில. நான் ஒப்புதல் கொடுத்தேன், ஆனா எனக்கு யாரும் சொல்லலை."

"அதுவா? லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர். உள்ளயே தூங்கிட்டார். தூக்கத்துல முனகினார்."

பிரதிநிதியின் மீசை துடித்தது. "அவ்வளவுதானா? படியேறியே என் முழங்கால் தேய்ஞ்சு போச்சே மாமா." பாலை ஒரு வாய் குடித்தார். "என் வீட்டுல கட்டிலுக்குக் கீழ பெட்டியா அடுக்கி வெச்சிருக்கேன், ஒரு எலி நுழைய இடமில்லாம. இப்ப பெட்டிக்குள்ள என்ன இருக்குமோன்னு பயமா இருக்கு. இந்தக் கதையில கீழ என்னதான் இருக்கு?"

"சொல்லக் கூடாதாம். பாருங்களேன்."

"என்னை உள்ள விட மாட்டாங்களே."

கத்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தான். குட்டி நாற்காலி. பால் டம்ளர். மீசை.

"உங்களுக்கு என்ன வயசு?"

"ஆபீஸ் கணக்குல எட்டு."

"என் வீட்டுலயும் ஒரு எட்டு வயசு இருக்கு" என்றான் கத்திரி. "அதுக்கு ஒண்ணு வேணும்னா, கேட்டுக் கிடைக்கலேன்னா, என்ன பண்ணும் தெரியுமா?"

பிரதிநிதி யோசித்தார். அவருக்கு அது மறந்து வெகு காலமாகியிருந்தது. பிறகு மெல்ல ஞாபகம் வந்த மாதிரி இருந்தது. பால் டம்ளரைப் பத்திரமாக மேஜை மேல் வைத்தார். பேன்ட் மடிப்பைச் சரி செய்துகொண்டார். தாழ்வாரத்தின் நட்ட நடுவில் மல்லாந்து படுத்தார். கை காலை உதைக்கத் தொடங்கினார்.

"எனக்குப் பார்க்கணும்" என்று அலறினார். "எனக்கு இப்பவே பார்க்கணும்."

கட்டடமே அதிர்ந்தது. இடது கதவும் வலது கதவும் ஒரே நேரத்தில் அகலத் திறந்தன. தலைவரும் உறுப்பினர்களும் அந்தப் பக்கமிருந்து ஓடி வந்தார்கள். மேடமும் மற்றவர்களும் இந்தப் பக்கமிருந்து. பாப்பா அடம் பிடித்தால் என்ன செய்வது என்று குழுவின் விதிகளில் எங்கேயும் இல்லை. தலைவர் வலது காலைப் பிடித்தார். இடது காலுக்கு ஓர் உறுப்பினர். மேடம் ஒரு கையைப் பிடித்து, "கண்ணு, நல்ல பிள்ளைல்ல" என்றார். அழுத உறுப்பினர் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதார்.

கருவியிலிருந்த டிஸ்க்கை உருவிச் சட்டைப் பையிலிருந்த அசலை யார் செருகினார்கள் என்று பிற்பாடு விசாரித்தார்கள். தெரியாது என்றே கத்திரி கடைசி வரை சொன்னான்.

திறந்த இடது கதவு வழியாகத் திரை தெரிந்தது. திறந்த வலது கதவு வழியாகச் சத்தம் வந்தது. தாழ்வாரத்தின் நடுவில், குழு தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, படமும் சத்தமும் ஒன்று சேர்ந்தன.

இருட்டு அறை. கட்டிலில் ஒரு சிறுமி. கீழே நாற்காலி இழுபடும் சத்தம். அவள் மூச்சை இழுத்து விட்டாள். அது எல்லோருக்கும் கேட்டது.

"யாராவது கை தூக்குங்க" என்றார் தலைவர்.

"எப்படி சார் தூக்குறது? கையில பாப்பா இருக்கார்."

சிறுமி ஒரு காலைத் தரையில் வைத்தாள். பிறகு இன்னொரு காலை. முட்டி போட்டாள். கட்டில் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். பிரதிநிதி உதைப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். யாரும் அவரை விடவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

சிறுமி குனிந்தாள்.

"பயந்தியா?" என்றது ஆண் குரல்.

கொஞ்ச நேரம் கழித்து, 'டப்'.

படம் முடிந்து திரை வெளுத்தது. முதலில் வாயைத் திறந்தவர் மேடம்.

"அந்த 'டப்' இதுதானா? இதுக்கா இவர் ரெண்டு கைக்குட்டை நனைச்சார்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இவரைப் பார்த்துக் குழந்தைங்க ஏன் பயப்படணும்?" என்றார் மெதுவாக. "ரொம்ப மரியாதையான ஆளாத் தெரியறார். கடமையில கண்ணா இருக்கார். இடம் கொஞ்சம் குறுகல்தான். இடப் பற்றாக்குறை எந்த ஆபீஸ்ல இல்லை?" சற்று யோசித்தார். "முதுகை மட்டும் நிமிர்த்தி உட்காரச் சொல்லியிருக்கலாம்."

"ஒப்புதல்" என்றார் பிரதிநிதி, படுத்தபடியே.

அசல் அப்படியே போனது. கத்திரி படிக்கட்டைப் பார்த்து ஓடினான். பின்னால், "மாமா" என்று குரல் கேட்டது. குழந்தைப் பிரதிநிதி லிஃப்டின் முன்னாலிருந்த நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, எல்லாப் பொத்தானையும் அழுத்திக்கொண்டிருந்தார்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். செருப்போடு உள்ளே பாய்ந்தபோது கதை கடைசிக் கட்டத்தில் இருந்தது. சோபாவில் பொடிசு காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டிவியில் சிறுமி குனிந்தாள். கேமராவும் அவளோடு குனிந்தது.

கட்டிலுக்குக் கீழே ஒரு சின்ன மேஜை. மேஜை விளக்கு. பின்னால், ஒரு குட்டி நாற்காலியில், கண்ணாடி போட்ட ஒருவர், முதுகு வளைந்து, தலை கட்டில் பலகையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். கையில் ரப்பர் ஸ்டாம்ப்.

"பயந்தியா?" என்று கேட்டார்.

"முதல்ல கொஞ்சம்" என்றாள் சிறுமி. "இப்ப இல்ல."

'டப்' என்று மேஜை மேல் ஒரு முத்திரை விழுந்தது.

"மாமா, நீங்க வீட்டுக்குப் போகலையா?"

அவர் கட்டில் விரிப்புக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "போகணும். வெளிய இருட்டா இருக்கே."

சிறுமி எழுந்து போய் விளக்கைப் போட்டாள். அவர் தவழ்ந்து வெளியே வந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போனார்.

பொடிசு சோபாவிலிருந்து இறங்கினாள். இரண்டு காலும் தரையில். யாரும் வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். விளக்கு எரிந்தது. கட்டில் விரிப்பு சரசரத்தது. பிறகு சத்தமே இல்லை. கத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாரும் இல்லப்பா" என்றாள் உள்ளிருந்து. "ஆபீஸ் முடிஞ்சு போயிட்டார்."

மனைவி சோபாவிலிருந்து எழுந்தாள். "ஏன்டி, ஆபீஸ்காரர் எதுக்குடி உன் கட்டிலுக்குக் கீழ வரணும்? இப்படி ஒரு யோசனை எங்கிருந்து வந்துச்சு உனக்கு?"

பொடிசு வாசலுக்கு வந்து நின்றாள். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்காமல் தன்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்கிற மாதிரி அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பாதான் வரச் சொன்னார். அன்னிக்கு என் கட்டில்ல உட்கார்ந்துட்டு, போன்ல ஆபீஸ்காரர்கிட்டச் சத்தம் போட்டாரே. 'குழந்தைங்க பயப்படறாங்களா இல்லையான்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? வேணும்னா வாங்க, என் பொண்ணு கட்டிலுக்குக் கீழ உட்கார்ந்து பாருங்க'ன்னு."

கத்திரி அப்போதுதான் காலில் இருந்த செருப்பைக் கழற்றினான்.

"இனிமே யாரையும் வரச் சொல்லாதீங்கப்பா" என்றாள் பொடிசு, கொட்டாவி விட்டபடி. "பாவம், உட்காரவே இடமில்லை."